ஒன்பதாம் அறையை நம்பியவர்கள்

தருணேஷ் வாயைத் திறந்தால் போதும், பேக்கரியில் இருக்கும் பதினைந்து மணிக்கட்டுகளும் பச்சையாகிவிடும். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க நவநீதனுக்கு வயிறு எரியும்.

‘உப்புமழை விடுதி’ என்ற தொடர் தொடங்கி ஒன்பது வருடம். அறைக்குள்ளேயே உப்பு மழையாகக் கொட்டும் விடுதி அது. மேலாளரின் ஒற்றைச் செருப்பு மட்டும் எப்போதும் நனைந்திருக்கும். ஒன்பதாம் அறை மட்டும் ஒருநாளும் திறக்காது. உள்ளே இருப்பது யார்? இந்த ஒரு கேள்விக்காகச் சிங்காநல்லூர் பேக்கரியில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கூட்டம் கூடும். நவநீதன் தொடங்கிய கூட்டம். எட்டு மாதம் முன்பு, “ஊட்ல சும்மாதான இருக்கறான், கூட்டிட்டுப் போங்களேன்” என்று மனைவி வர்ஷினி சொன்னாள் என்பதற்காக அவள் தம்பி தருணேஷையும் கூட்டி வந்தார். வம்பை விலைக்கு வாங்குவது என்றால் இதுதான்.

தொடரை எழுதுவது மனிதர் அல்ல, கதைத்தறி என்கிற இயந்திரம். பார்ப்பவர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நம்பிக்கைமானி உண்டு. ஒரு கணிப்பைப் பற்றிப் பேசும்போது மெய்யாக நம்பினால் பச்சை, இல்லையென்றால் சாம்பல் நிறம். நாக்கு புளுகலாம், நாடி புளுகாது. எத்தனை பேர் எதை நம்புகிறார்கள் என்ற கணக்கு உடனுக்குடன் தறிக்குப் போய்விடும். கதைக்குப் பொருந்தும் முடிவுகளில் மிகக் குறைந்த பேர் நம்பும் ஏதாவது ஒன்றையே அது கடைசியில் நெய்யும். ஊரே நம்பும் முடிவை அறுத்து எறிந்துவிடும். சரியான முடிவை முதலில் நம்பி, கடைசி நிமிடம் வரை நம்பிக்கொண்டிருப்பவரின் பெயர் ‘முன்னறிந்தவர்’ என்று திரையில் வரும்.

அந்தப் பெயருக்காகத்தான் நவநீதன் உயிரை விட்டுக்கொண்டிருந்தார். துவைக்கும் இயந்திரம் பழுதுபார்க்கிறவர் அவர். எந்த வீட்டிலும் அவரிடம் கேட்கப்படும் ஒரே அபிப்பிராயம், “இது இன்னும் எத்தன நாளைக்கு ஓடும்?” என்பதுதான். ஒரு விஷயத்திலாவது ஊர் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

அவருடைய கணிப்பு இது: அறைக்குள் இருப்பது விடுதியைப் பெருக்கும் நடுவயதுச் செங்கமலமேதான், ஏழு வயதில் இருந்த அதே செங்கமலம். உலகத்திலேயே அவர் ஒருவர்தான் அதை நம்பினார். “நல்ல கற்பனைங்க மாமா” என்பான் தருணேஷ். சொல்லும்போதே அவன் மணிக்கட்டு சாம்பலாக இருக்கும்.

அவன் கணிப்போ வேறு. “உள்ள யாருமே இல்லீங்க. யாரு வந்திருக்காங்கன்னு பாக்கக் கதவுல ஒரு கண்ணாடி ஓட்டை இருக்குமே, அது எப்பவும் உள்ள நிக்கறவங்களுக்குத்தானுங்க? இங்க வராந்தாவுல நிக்கறவங்கதான் அதுல பாக்கறாங்க. அப்ப பூட்டிக் கெடக்கறது அறையில்லீங்க, விடுதி. அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் வெளியுலகம்.”

பச்சை, பச்சை, பச்சை. அடுத்த வாரம் வந்த பகுதியிலேயே கதவுக்கு அடியிலிருந்து காற்று வீசி, ஒரு வேப்பிலை பறந்து வந்தது. கூட்டம் அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

“எந்தம்பி மூளையே மூளை. ஒம்பது வருசமா பாத்து நீங்க என்னத்தக் கண்டீங்க?” என்றாள் வர்ஷினி, சிரித்துக்கொண்டே. நவநீதன் அன்று பாதி இட்லியோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

முடிவுக்கு நான்கு வாரம் இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தருணேஷை நம்புகிறவர்கள் பதினைந்தே பேர். அதுதானே அவன் பலம்? லட்சம் பேரை நம்ப வைத்துவிட்டால் தறியே அவன் கணிப்பை அறுத்துவிடும். மிஞ்சப்போவது, ஒரே ஒரு ஆள் நம்பும் செங்கமலம்!

ரசிகர்களின் பொதுமன்றத்தில் எழுதினார். பன்னிரண்டு பேர் படித்தார்கள். எழுதியவரின் மானி நிறமும் கட்டுரையோடு தெரிகிற இடம் அது; பச்சை காட்டாத கட்டுரையை அங்கே எவன் மதிப்பான்? சரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாதம் ஒன்றாக வந்த நூற்றெட்டு பகுதிகளையும் தருணேஷின் கண்ணோடு திரும்பப் பார்த்தார். கண்ணாடி ஓட்டை, காற்று, வேப்பிலை. மேலாளரின் நனைந்த செருப்புகூட, வெளியே ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பியவனுடையது! தருணேஷுக்கே எட்டாத பதினேழு தடயங்களைப் பிடித்தார். இரண்டாம் வாரம் எழுதிக்கொண்டிருக்கும்போது மணிக்கட்டு பச்சையானது. மானி கெட்டுவிட்டது என்று நினைத்து அதை இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்த வேகத்தில் தன் சொந்தக் கணிப்பையும் கிழித்துப் போட்டார். செங்கமலம் இடதுகைக்காரி. ஒன்பதாம் அறையிலிருந்து வரும் சாப்பாட்டுத் தட்டிலோ வலக்கையால் வழித்த தடம். அப்புறம் எப்படி அவள் உள்ளே இருப்பாள்? படித்தவர்கள் ஆளாளுக்குப் பகிர்ந்தார்கள். ஒரே வாரத்தில் பதினோரு லட்சம் பேர் தருணேஷை நம்பினார்கள்.

பேக்கரியில் அவன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

“எனக்காகவா மாமா இத்தன எழுதுனீங்க?”

“இனிமே தறி அத அறுத்துருமேடா மாப்ள” என்றார், அவன் முகம் வாடுவதைப் பார்க்கும் ஆசையில்.

“அறுத்தா அறுத்துட்டுப் போகுதுங்க. நீங்க நம்புனீங்களே, அது போதும்.”

பாழாய்ப் போனவனை நோகடிக்கக்கூட முடியவில்லையே என்று நவநீதன் உள்ளுக்குள் கருகினார்.

சரி, வேலை முடிந்தது. இனி தன் பழைய நம்பிக்கைக்குத் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. இயந்திரங்களைக் கழற்றும்போதும் பூட்டும்போதும் “செங்கமலம்தான், செங்கமலம்தான்” என்று முணுமுணுத்தார். மணிக்கட்டு சாம்பல். தன் பழைய குறிப்புகளைப் படித்தார். சாம்பல். ஒவ்வொரு முறையும் ‘இடதுகை’ என்ற சொல் வந்து குறுக்கே நின்றது. அதை அவ்வளவு அழகாக நிரூபித்த பாவியும் அவரே. கடைசி ஞாயிறு காலை வரை சாமியைக்கூட வேண்டிக்கொண்டார்.

நண்பகல் பன்னிரண்டு மணி. பேக்கரித் திரையில் ஒன்பதாம் அறை திறந்தது. உள்ளே ஏழு வயதுச் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடி வந்தாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டதில் அவள் வலக்கை நசுங்கியது. அழுது முடித்துவிட்டு, முதல் தடவையாக இடக்கையால் விளக்குமாற்றை எடுத்தாள்.

எழுத்துகள் வந்தன. முன்னறிந்தவர்: ஒருவருமில்லை.

“அய்யோ, இது எங்க மாமா சொன்னதுங்க! ஒம்பது வருசமா சொன்னாருங்க!” என்று கத்தினான் தருணேஷ். கூட்டம் முழுக்கத் திரும்பி நவநீதனைப் பார்த்தது. ஒன்பது வருடம் காத்திருந்த பார்வை.

“நாஞ் சொன்னதுதான்” என்றார். எல்லாருடைய கண்ணும் அவர் மணிக்கட்டுக்கு இறங்கியது. சாம்பல்.

தருணேஷ் மட்டும் விடவில்லை. “நீங்கதான் மாமா சரி. எனக்கு இப்பத்தான் புரியுதுங்க.”

“என்னத்தடா புரிஞ்சுது?” நவநீதன் மேசையை ஓங்கித் தட்டினார். அவருக்கே அடக்க முடியவில்லை. “கண்ணாடி ஓட்டைக்குத் தறி என்ன பதில் சொல்லுச்சு? வேப்பிலை எங்கிருந்து வந்துச்சு? தறிக்குப் புத்தி கெட்டுப் போச்சு. உள்ள யாருமே இல்ல மாப்ள. நீ சொன்னதுதான்டா சரி!”

சொல்லி முடிக்குமுன் அவர் மணிக்கட்டு பளிச்சென்று பச்சையானது. பேக்கரியில் அந்த நேரம் பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். தருணேஷுடையதுகூடச் சாம்பலாகியிருந்தது.