தட்டில் வைக்காத சாவி

தாம்பாளத்தில் தேங்காய், பழம், மஞ்சள் எல்லாம் இருந்தன. மணமகளின் தனிச்சாவி மட்டும் இல்லை.

"சாவிச் சில்லு எங்க அம்மிணி?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா சௌந்தரம். அவர் கழுத்துச் சங்கிலியில் கணவர், மகன் இருவரின் தனிச்சாவிச் சில்லுகளும் தொங்கின.

"பொதுச்சாவி இந்தாங்க அத்தை. அது பூட்டு மாதிரி, ஊருக்கே தரலாம். பூட்டைத் திறக்கற தனிச்சாவி தாலி கட்டறவருக்கே கிடையாதுங்க" என்றாள் மணமகள் கோகிலவாணி.

லினக்ஸில் ஓடும் வழங்கிகளை, அதாவது சர்வர்களை, காவல் காப்பது அவள் வேலை. வீட்டுக் கதவு, வங்கி, திருமணப் பதிவு எல்லாம் வழங்கிகளின் பொறுப்பாகி இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வழங்கிக்கு முகம் தெரியாது, குரல் தெரியாது. தனிச்சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரே அந்த ஆள். இது தெரிந்தும், ஊரே அன்பின் பெயரால் அதைத் தட்டில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"நான் என்ன திருடியா?" என்றார் சௌந்தரம்.

"நீங்க நல்லவங்கதானுங்க. அதுக்காக நீங்க நானாக முடியுமா?"

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சௌந்தரத்தின் முகம் சிவந்தது. மிரட்டினால் வழிக்கு வருவாள் என்று, மகனின் சில்லை எடுத்து மேடையிலிருந்த பதிவுத் திரையில் வைத்து 'மறுப்பு' என்பதை அழுத்தினார்.

"மணமகன் நவநீதன் இத்திருமணத்தை மறுத்துவிட்டார்" என்றது பதிவு வழங்கி.

"நான் இங்கயேதான நிக்கறேன்! எப்ப மறுத்தேன்?" என்று பதறினான் நவநீதன்.

"நீங்கள் யார்?" என்று கேட்டது வழங்கி.

"அட, எம் பையன்! நாந்தான் வெளாட்டுக்கு அழுத்திட்டேன்" என்றார் சௌந்தரம்.

"மன்னிக்கவும் நவநீதன் அவர்களே" என்று வழங்கி, சில்லை வைத்திருந்த சௌந்தரத்திடம் மரியாதையாகச் சொன்னது. "அருகில் நிற்பவரை அடையாளம் தெரியவில்லை."

ஒருமுறை மறுத்தவர் அதே பெண்ணை மறுபடி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. கூடத்தில் எல்லாரும் சௌந்தரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலவாணி மட்டும் நவநீதனை நேராகப் பார்த்தாள்.

"உங்களைப் புது ஆளாப் பதியலாமுங்க. சாட்சிக்கு நான் இருக்கேன். ஆனா வீடு, வேலை, சேமிப்பு எல்லாம் அந்தச் சில்லுல இருக்கற நவநீதனோடயே போயிரும்."

அவன் அம்மாவின் சங்கிலியைப் பார்த்தான். இருபத்தெட்டு வயதுவரை அவன் வாழ்ந்த வாழ்க்கை அதில் ஆடிக்கொண்டிருந்தது.

"போகட்டும். புதுச்சாவி எப்படிப் போடறது?"

அவள் கைத்திரையை நீட்டினாள். அவன் புதுச்சாவிக்கான ரகசியச் சொல்லை எழுதத் தொடங்கியதும், பழக்கதோஷத்தில் சௌந்தரம் எட்டிப் பார்த்தார்.

"அம்மா, அந்தப் பக்கம் திரும்பு."

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது.

"நீயும்தான்" என்றான் அவன், திரையை உள்ளங்கையால் மறைத்தபடி.

முகமெல்லாம் சிரிப்பாக அவள் திரும்பிக்கொண்டாள்.