திரையில் எல்லாம் பச்சை

கோழி ஷெட்டின் விசிறிச் சத்தம் நின்றுபோயிருந்ததை, வீட்டிலிருந்து அப்போதுதான் வந்த மைதிலியின் காது முதலில் நம்பவில்லை. மோகனூர்ச் சாலையோரம் சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானத்தில், ராவும் பகலும் இரைந்துகொண்டே இருக்கும் அந்த ஓசை இல்லாமல், தீவனத் தூசியும் எச்ச நாற்றமும் மட்டும் ஆபீஸ் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டர் திரையிலோ எல்லாம் பச்சை. விசிறிகள் ஓடுகின்றன, வெப்பம் இருபத்தெட்டு. கேமரா படத்தில் கோழிகள் தீவனம் கொத்தின. நடுவே அவள் கணவன் நவநீதகிருஷ்ணன் கூண்டு கூண்டாகப் பார்த்தபடி நடந்தான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பக்கமும் அடைத்த அந்த ஷெட்டின் விசிறி, தண்ணீர், கதவுப் பூட்டு எல்லாமே ஒரு மென்பொருளின் கையில். அதற்குப் புதுப் பதிப்பு வந்ததுமே படித்துப் படித்துச் சொன்னாள்: கம்பெனிப் பக்கத்திலிருந்தே இறக்குங்க, கோப்பு அசல்தானான்னு காட்ட அங்கே போட்டிருக்கும் சரிபார்ப்புக் குறியீட்டோடு ஒத்துப் பாருங்க, ஓர் எழுத்து மாறினாலும் போடாதீங்க. காலையில் அவன் போட்டதோ, பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பங்காளி நந்தகுமார் அனுப்பிய கோப்பு. அப்போதே அவள் கேட்டதற்குச் சண்டைக்கு வந்தான்.

"பங்காளி குடுத்ததைப் போயி சோதிச்சுப் பாப்பாங்களா? அவன் காதுக்குப் போனா நாளைக்கு மூஞ்சில முழிக்க முடியுமா?"

"கோழி செத்தா உங்க பங்காளி வந்து முட்டை போடுவாருங்களா?"

"அட, உடு மைதிலி. நம்மாளு அனுப்புனது."

நம்மாளாம், நம்மாளு! இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கோப்பின் குறியீட்டை எடுத்து, கம்பெனிப் பக்கத்தில் இருந்ததோடு வைத்துப் பார்த்தாள். முதல் எழுத்தே ஒத்துப்போகவில்லை.

அவனை அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் அவன் சட்டைப்பையைத் தொடவே இல்லை. நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினான். சிரித்தான்.

கைப்பேசியில் அதே படத்தைத் திறந்தபடி வெளியே ஓடினாள். தகரச் சுவர் சுட்டது. கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு கொக்கரிப்புகூட இல்லை.

"மாமா! ஏனுங்க! கதவத் தொறங்க!"

சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து நெம்பினாள். அவனைத் திட்டினாள், நந்தகுமாரைத் திட்டினாள், ரெண்டு பேர் குலத்தையும் திட்டிக்கொண்டே நெம்பினாள். பூட்டு தெறித்தது.

அடுப்பு வாய் திறந்ததுபோல் அனல். கண் எரிந்தது. எந்த விசிறியும் சுற்றவில்லை. கூண்டுக் கம்பிகளின் வழியே வரிசை வரிசையாகத் தலைகள் தொங்கின. அலகுகள் திறந்தபடி.

கதவடியிலேயே கிடந்தான். விரல் நுனியெல்லாம் ரத்தம். கதவின் உட்புறம் முழுக்க நகக்கீறல்.

"சொன்னேனே! பாத்துட்டுப் போடுங்கன்னு சொன்னேனே, பாவி மனுசா!"

சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தலை மட்டும் ஆடியது.

அவள் கைப்பேசி தரையில் விழுந்து கிடந்தது. அதில் விசிறிகள் சுற்றின. கோழிகள் கொத்தின. வெப்பம் இருபத்தெட்டு. நவநீதகிருஷ்ணன் நடந்தான். பக்கத்தில் மைதிலியும் நடந்தாள். அதே சேலை. கையில் அதே கடப்பாரை.

இருவரும் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள்.