பிறை விழுந்த தோட்டாக்கள்

“பெட்டியில மிச்சம் இருக்கிற தோட்டாவை எடுங்க மார்லிஸ். நான் பார்க்கணும்.”

சமையலறையில் இருந்தவர்கள் இங்க்ரிட் பக்கம் திரும்பினார்கள்.

சனிக்கிழமை மதியம். மார்லிஸின் கணவர் ரஸ்ஸல் கோல்ஸ்டட்டை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் இன்னும் சப்பாத்துச் சேற்றைக்கூடத் துடைக்கவில்லை. மேசை முழுக்க ஊரார் கொண்டு வந்து வைத்த அடுப்பில் சுட்டெடுத்த உருளைக்கிழங்குக் கேசரோல் தட்டுகள். இங்க்ரிட் கொண்டு வந்ததும் அதில் ஒன்று. அதைக் கையில் கொடுத்தபோது அவள் அப்பா எமெட் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார். “குடுத்துட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வந்துடு. தோட்டாவைப் பத்தி மட்டும் அந்த வீட்டுல வாயே திறக்காதே.”

திறந்துவிட்டாள்.

“காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?” ரஸ்ஸலின் தம்பி டுவேன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “துக்க வீட்டுல எதைக் கேட்கணும், எதைக் கேட்கக்கூடாதுன்னு?”

“சாம்பிளைப் பார்க்காம ரிப்போர்ட் எழுதாதேன்னு சொல்லித் தந்தாங்க. அதைத்தான் செய்யறேன்.”

தன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். உலோகவியல். சுரங்கக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் ‘காலேஜ்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாசம் எவ்வளவு, குத்தல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கிய வாரத்தில், மலை முகட்டில் படுத்து ரஸ்ஸல் சுட்ட முதல் தோட்டாவிலேயே துப்பாக்கி வெடித்துச் சிதறியது. டுவேன் அண்ணனை வண்டி வரை இழுத்து வருவதற்குள் உயிர் போய்விட்டது. தோட்டாவில் அளவுக்கு மீறிய வெடிமருந்து என்றது ஷெரிஃப் அலுவலகம். தோட்டாப் பெட்டியின் மேல் எமெட்டின் கையெழுத்து.

இந்த மொன்டானா மலைக்காட்டில் பாதிப் பேர் பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் போட்டு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள். ஆனால் ஒருவன் நிரப்பியதை இன்னொருவன் சுடுவதில்லை. அது பேச்சுக்கே இடமில்லாத வழக்கம். ரஸ்ஸல் ஒருவர்தான் விதிவிலக்கு. இருபது வருட நட்பு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எமெட் ஒரு பெட்டி கொடுப்பார், ரஸ்ஸல் அதை மட்டும்தான் சுடுவார்.

திங்கட்கிழமை எமெட் போய், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போகிறார். போட்டால் சிறை. அதைவிட மோசம், அவர் அதை நம்பிவிட்டார்.

மார்லிஸ் உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். ஷெரிஃபின் டெபுடி ஓர்வில் சோதனைக்குச் சிலதை எடுத்துப் போயிருந்தான். மிச்சம் எட்டு.

இங்க்ரிட் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். தோட்டாவின் அடியில், நெற்றிப் பொட்டு மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கும் பிரைமர். துப்பாக்கியின் ஊசி வந்து குத்தினால் தீப்பிடித்து மருந்தைக் கொளுத்துவது அதுதான். அந்தப் பொட்டின் ஓரத்தில் நகத்தால் கிள்ளியது போல ஒரு சின்னப் பிறை.

“பார்த்தியா?” என்றான் டுவேன். “உங்கப்பாவோட பிறை. பிரைமரை அமுக்கிப் பொருத்துற அவர் கருவியோட முனை உடைஞ்சது. முப்பது வருஷமா அவர் போட்ட எல்லாத் தோட்டாவுலயும் அது இருக்கு. ஊருக்கே தெரியும்.”

தெரியும். சின்ன வயதில் காலித் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி அந்தப் பிறைகளை எண்ணியவள்தான் அவளும். ஆனாலும் கை நிற்கவில்லை. எட்டில் ஐந்தில் பிறை. மூன்றில் இல்லை. பிறை இருந்த ஐந்திலும் பித்தளை விளிம்பில் மெல்லிய கீறல். மற்ற மூன்றும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. பித்தளைக் கூடுகள் எல்லாம் ஒரே கம்பெனி முத்திரை. எட்டையும் கைபேசியில் படம் எடுத்தாள்.

“ரஸ்ஸல் சொந்தமா தோட்டா நிரப்புவாரா?”

“இல்ல” என்றாள் மார்லிஸ்.

“இந்தப் பெட்டி எப்ப வந்துச்சு?”

“செப்டம்பர்ல, லேபர் டே விருந்தன்னிக்கு உங்கப்பா கையில குடுத்தார்.”

“அப்புறம்?”

“துப்பாக்கியோட அலமாரியில இருந்துச்சு. நடுவுல ஓநாய் கன்னுக்குட்டியை அடிச்சப்போ டுவேன் ரெண்டையும் மேய்ச்சலுக்கு எடுத்துட்டுப் போனான். அடுத்த வாரம் கொண்டாந்து வெச்சுட்டான்.”

“சுட்டீங்களா டுவேன்?”

“ஓநாய் கண்ணுல பட்டாத்தானே சுடுறதுக்கு. பெட்டி எப்படிப் போச்சோ அப்படியே வந்துச்சு.” அவன் கதவைத் திறந்து பிடித்தான். “போதும் கிளம்பு. உங்கப்பாவே ஒத்துக்கிட்டார். உனக்கு என்ன?”

மார்லிஸ் கேசரோல் தட்டை அவளிடமே திருப்பி நீட்டினாள். உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. அதற்கு மேல் அவமானம் வேண்டுமா?

வீட்டில் எமெட் அடுப்புக்கு எதிரில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். துப்பாக்கிகளையெல்லாம் காலையிலேயே கொண்டு போய் ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை.

“கேட்டுட்டியா?”

“கேட்டேன்.”

“சொன்னேனே, கேட்காதேன்னு.”

“நீங்க சொன்னதையெல்லாம் கேட்டிருந்தா நான் இன்னும் கெல்லி கடையில காபி ஊத்திட்டு இருப்பேன். தோட்டா நிரப்பற அறைச் சாவியைக் குடுங்கப்பா.”

“என்னத்துக்கு? பிறை இருக்குன்னு ஓர்வில் போன்லயே சொல்லிட்டான். என் கட்டைவிரல் செத்துப்போய் ரெண்டு வருஷம் ஆச்சு. விரலோட மூளையும் போய், பழசை எதையோ கலந்து குடுத்திருப்பேன்.” அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “நான் கையெழுத்துப் போட்டா மார்லிஸுக்கு ஒரு பதிலாவது கிடைக்கும்.”

“பொய்யான பதில்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“இன்னும் தெரியலை. சாவி.”

தோட்டா அறையில் எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. மேசை ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கிய பிரைமர் கருவி. நீளமான நெம்புகோல். அவள் வாங்கிக் கொடுத்தது.

போன வசந்தத்தில் லூயிஸ்டவுன் கடையில் இதற்காக ஒரு மதியமே போனது. கையில் பிடித்து அமுக்குகிற சின்னக் கருவிதான் அப்பாவுக்கு வேண்டும். முப்பது வருடப் பழக்கம். பொட்டு குழிக்குள் இறங்கி உட்காருவது கட்டைவிரலுக்குத் தெரியும், அந்த உணர்வு வேறு எதிலும் வராது என்று கடைக்காரனும் ஒத்து ஊதினான். தோட்டா நிரப்பும் பெரிய பிரஸ்ஸிலேயே சேர்ந்து வரும் கருவி மலிவு, ஆனால் மொண்ணை. மேசையில் முடுக்குவது விலை கூட, இடத்தையும் அடைக்கும்.

“விரலுக்குத் தெரியும்னா சரி” என்று இங்க்ரிட் கடைக்காரன் முன்னாலேயே கேட்டுவிட்டாள். “உங்க விரலுக்குத் தெரியுதாப்பா?”

வைக்கோல் கட்டும் இயந்திரத்தில் மாட்டிய விரல். இரண்டு வருடமாக அவர் மறைத்து வந்தது. கடை முழுக்கக் கேட்டது. அப்பா திரும்பி நடந்தார். வண்டியில் வீடு வரை பேச்சில்லை. மடியில் நெம்புகோல் கருவியும், புதிதாக வாங்கிய பித்தளைக் கூடுகள் ஒரு பையும்.

பை.

இங்க்ரிட் அலமாரியைத் திறந்தாள். கோடையில் அப்பா தனக்காக நிரப்பி வைத்த தோட்டாக்கள். அதே கம்பெனி முத்திரை. அடியைத் திருப்பினாள். பிறை இல்லை. அடுத்தது. இல்லை. ஒன்றில்கூட இல்லை.

“அப்பா! பழைய கைக்கருவி எங்கே?”

“அது போச்சு.” அவர் வாசலில் வந்து நின்றார். “நீ இதை வாங்கின வாரமே, தீயணைப்பு நிலையத்துல பான்கேக் விருந்து நடந்துச்சே, அங்க இலவச மேசையில வெச்சுட்டேன். வேணுங்கறவன் எடுத்துக்கட்டும்னு.”

“யார் எடுத்தா?”

“யாருக்குத் தெரியும்? நான் திரும்பிப் பார்க்கலை.” புது நெம்புகோல் பக்கம் பார்த்தார். “பார்க்கப் பிடிக்கலை.”

“அதுக்கப்புறம்தான் இந்தப் பையைப் பிரிச்சீங்க?”

“ஆமா.”

“ரஸ்ஸலுக்குக் குடுத்ததும் இந்தப் பையில இருந்துதானே? இந்த முத்திரைக் கூடு நீங்க இதுக்கு முன்னாடி வாங்கினதே இல்லையே.”

எமெட் அவள் கையிலிருந்த தோட்டாவை வாங்கி அடியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஓர்வில் போனில் எரிச்சலாகத்தான் பேசினான். “இங்க்ரிட், உங்கப்பா நல்லவர். ஆனா பிறை பிறைதான்.”

“அந்தப் பிறையை முதல்ல உனக்கு யார் காட்டினது?”

“டுவேன். ஏன்?”

“பிறை போடுற கருவி எங்கப்பாகிட்ட இல்லை. யார்கிட்ட இருக்குன்னு காட்டினா வருவியா?”

“காட்டு பார்க்கலாம்.”

ஞாயிறு காலை. டுவேன் வீட்டுக்குப் பாதை திரும்பும் இடத்தில், வேலிக்கு வெளியே பொதுவான கவுண்டி சாலை ஓரத்தில், அவன் குறி பழகுவதற்குத் தொங்கவிட்ட பழைய டிராக்டர் சக்கரம். இங்க்ரிட் வண்டியை நிறுத்திவிட்டு, அவன் நின்று சுடும் இடத்தில் குனிந்தாள். பனிச்சேற்றில் சுட்டுப்போட்ட காலிக் கூடுகள். அவன் துப்பாக்கி வேறு ரகம், கூடும் வேறு. ஆனால் பிரைமர் ஒரே அளவு. கையுறையால் சேற்றைத் துடைத்தாள்.

பொட்டின் நடுவில் ஊசி குத்திய குழி. ஓரத்தில் பிறை.

அவள் நிமிர்ந்தபோது சந்தோஷம் எதுவும் வரவில்லை. கோபம்தான் வந்தது. ஊரார் ஐந்து நாளாக அவள் அப்பாவைப் பார்த்த பார்வையெல்லாம் அந்தக் கூட்டுக்குள் இருந்தது.

அன்று மாலை மறுபடி கோல்ஸ்டட் வீட்டுச் சமையலறை. டுவேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மார்லிஸ் அடுப்பருகே.

“திரும்பவுமா?” என்றான். “இன்னொரு தட்டா?”

இங்க்ரிட் காலிக் கூடு ஒன்றை அவன் தட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். “உங்க சக்கரத்துக்கு எதிர்ல கிடந்தது. அடியைப் பாருங்க.”

அவன் பார்க்கவில்லை. மார்லிஸ்தான் எடுத்துப் பார்த்தாள்.

“பிறை இருந்தா எங்கப்பா போட்டதுன்னு எல்லாரும் நினைச்சோம். நானும்தான். ஆனா அந்தப் பெட்டியில இருந்த கூடெல்லாம் பழைய கருவி எங்க வீட்டை விட்டுப் போன பிறகு பிரிச்ச பையில இருந்து வந்தது. எங்கப்பா அதுக்குப் பொட்டு வெச்சது புதுக் கருவியில. அதுல பிறை விழாது. மூணுல விழலை, பாருங்க. அந்த மூணுதான் அவர் குடுத்தபடி இருக்கிறது.”

“அப்ப மத்தது?” என்றாள் மார்லிஸ்.

“மத்த அஞ்சுலயும் விளிம்புல கீறல் இருக்கு. சுட்ட பிறகு காலிக் கூட்டைத் துப்பாக்கி கொக்கி மாட்டி வெளியே இழுக்கும்போது விழற கீறல். எங்கப்பா குடுத்தது ஒருதடவைகூடச் சுடாத புதுக் கூடு. கீறல் எப்படி வரும்? யாரோ எங்கப்பா தோட்டாவைச் சுட்டுட்டு, காலிக் கூட்டை எடுத்து வெச்சு, அவங்களே நிரப்பி, அதே பெட்டியில திரும்ப அடுக்கியிருக்காங்க. பெட்டி இந்த வீட்டை விட்டு ஒரே ஒரு தடவைதான் போச்சு. எடுத்துட்டுப் போனவர் ஒரு ரவுண்டுகூடச் சுடலைன்னார். எங்கப்பாவோட பழைய கருவி அவர்கிட்டதான் இருக்கு. டுவேன், ஓநாயைப் பார்த்தீங்க, இல்லையா?”

முள்கரண்டி தட்டில் விழுந்தது.

“ரெண்டு ஓநாய்” என்றான் டுவேன் கடைசியில். “சுட்டுத் தள்ளினேன். ஒண்ணும் படலை. எமெட்டோட தோட்டாவை வீணடிச்சேன்னு தெரிஞ்சா அண்ணன் என்னை உரிச்சிருப்பார். அதான் நிரப்பி வெச்சேன். அதே குண்டு வாங்கினேன். சரியாத்தான் போட்டேன்னு நினைச்சேன். ரேடியோவுல ஆட்டம் ஓடிட்டு இருந்துச்சு. மேசையில ரெண்டு மருந்து டப்பா திறந்திருந்துச்சு, எதுல இருந்து எடுத்தேன்னு...” அவன் முகத்தை மூடிக்கொண்டான். “என் கையாலேயே மார்லிஸ். அவரை நான்தான் இழுத்துட்டு வந்தேன்.”

மார்லிஸ் கூட்டை மேசையில் வைத்தாள். அது சாய்ந்து உருண்டது. யாரும் பிடிக்கவில்லை.

“அது விபத்து டுவேன்” என்றாள் இங்க்ரிட். “அதுக்கு உங்களை நான் ஒண்ணும் சொல்லலை. ஓர்வில்கிட்ட பிறையைத் தேடிப் பிடிச்சுக் காட்டினீங்களே, அது விபத்து இல்லை.”

டுவேன் தலை தூக்கினான். “உங்கப்பாவுக்கு எழுபத்தி நாலு. அவரை எந்த ஜட்ஜும் உள்ளே போடமாட்டான். நான் போனா இந்தப் பண்ணையை யார் பார்க்கிறது? அண்ணனோட பொண்ணுங்களை? யோசிச்சுப் பாரு. அவர்தான் மனசைத் தேத்திக்கிட்டாரே.”

“தேத்திக்கிட்டாரா? சாப்பாட்டைத் தொட்டு நாலு நாள் ஆச்சு.”

அப்போதுதான் மார்லிஸ் அவள் பக்கம் திரும்பினாள். இங்க்ரிட் கத்தலை எதிர்பார்த்திருந்தாள், டுவேனை அடிப்பாள் என்றுகூட நினைத்திருந்தாள். மார்லிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

“ஒருத்தரைப் புதைச்சுட்டேன்” என்றாள். “இவனையும் நீ கொண்டு போயிட்டா, குளிர்காலத்துல முந்நூறு மாட்டை நான் தனியா என்ன பண்ணுவேன்? உங்கப்பாகிட்ட நானே வந்து பேசறேன் இங்க்ரிட். அவர் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்றேன். அது போதாதா அவருக்கு?”

அந்தக் கை சூடாக இருந்தது. இதுதான் தன்னை அடித்துப்போடும் என்று இங்க்ரிட்டுக்கு முன்பே தெரியும். அதனால்தான் முதலில் வேறொரு இடத்துக்குப் போய்விட்டு வந்தாள்.

“செய்யாத தப்புக்கு மன்னிப்பா? அதை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார் மார்லிஸ்?” கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “மத்தியானமே ஓர்வில்கிட்ட மத்தக் கூட்டையெல்லாம் குடுத்துட்டேன். வாரண்ட் வாங்கிட்டு வந்துட்டிருக்கான். அவன் வாயால நீங்க இதைக் கேட்கக்கூடாது. அதுக்காகத்தான் முன்னாடி வந்தேன். இனி மிச்சத்தை டுவேன் சொல்லட்டும்.”

மேசை மூலையில் அவளுடைய கேசரோல் தட்டு இருந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. இங்க்ரிட் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பின்னால் டுவேன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். காலேஜ்காரி என்று இல்லை, பெயரைச் சொல்லி. அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.