ஏழாம் மேசையின் பியூரெட்

"நிறம் மாறுறத எப்படி மேடம் கண்டுபிடிக்கிறது?"

"கண்ணு எதுக்குடா இருக்கு?"

இரண்டு வருடங்களுக்கு முன், ஆய்வகத்தில் முதல் நாள் நடந்த பேச்சு. வகுப்பே சிரித்தது. கேட்டவனும் சிரித்து வைத்தான். வேதியியல் பேராசிரியை அதை அன்றே மறந்துவிட்டாள்.

இன்று காலை 10.10. அவள் முன்னால் இரண்டு ரெக்கார்டு நோட்டுகள். நிறம் மாற எத்தனை மில்லி அமிலம் செலவானது என்பதற்கு இரண்டிலும் ஒரே அளவுகள்: 18.9, 18.8, 18.9. வகுப்பில் மற்ற எல்லோருக்கும் 18.2.

ஒன்று, 'முதல் மார்க்கு' என்று எல்லோரும் கூப்பிடும் மாணவனுடையது. இரண்டாம் மேசைக்காரன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. தலைப்புகளின் அடிக்கோடுதான் சில இடத்தில் சிவப்பு, சில இடத்தில் பச்சை. மற்றது ஏழாம் மேசை வாயாடியுடையது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் துறைத் தலைவர். "அந்தப் பொண்ணுதான் பாத்து எழுதியிருக்கும். பதினோரு மணிக்குள்ள யாருன்னு சொல்லிடுங்க. பாத்து எழுதினவங்கள இந்த வருஷம் செய்முறைத் தேர்வு எழுத விடமாட்டேன்."

10.25. வாயாடி வந்தாள்.

"பாத்து எழுதினியா?"

"பாத்து எழுதினா தப்பான விடையவா மேடம் எழுதுவேன்? அவ்வளவு மக்கா நான்?"

"அப்போ அவன் எழுதினானா?"

வாய் ஓயாத பெண் ஜன்னலைப் பார்த்தாள்.

10.35. பேராசிரியை ஏழாம் மேசையின் பியூரெட்டில், அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழலில், நீர் நிரப்பி, அடியிலிருக்கும் திருகை இறுக மூடிவிட்டுக் காத்திருந்தாள். திருகோரம் ஒரு சொட்டு கசிந்து மேசையில் விழுந்தது. இன்னொன்று. இரண்டாம் மேசையின் பியூரெட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

ஒழுகியதும் கணக்கில் சேர்ந்து தப்பான அளவு பிறந்த இடம் ஏழாம் மேசைதான். ஆனால் பார்த்து எழுத முதல் மார்க்குக்கு என்ன தலையெழுத்து?

அவள் மறுபடி அந்த அடிக்கோடுகளைப் பார்த்தாள். முதல் மார்க்கைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

10.50. அவன் எதிரே இரண்டு குடுவைகளை வைத்தாள். ஒன்றில் மஞ்சள், ஒன்றில் இளஞ்சிவப்பு.

"எதுல நிறம் மாறியிருக்கு?"

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

"ஏழாம் மேசை பியூரெட் ஒழுகுது, உன்னோடது ஒழுகல. அப்போ அளவு அவளோடது. உன் அடிக்கோட்டுல சிவப்பும் பச்சையும் கலந்து கெடக்கு. உனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, இல்ல? ஏன்டா சொல்லல?"

"சொன்னா படிப்பையே நிறுத்திடுவாங்கன்னு பயம் மேடம். அவளுக்கு மட்டும் தெரியும். மொத நாள் உங்ககிட்ட கேக்கத்தான் வந்தேன்..."

அவள் குடுவைகளை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அன்று வகுப்பைச் சிரிக்க வைத்தது யார்?

"நீ செஞ்சது தப்புதான். தலைவர்கிட்ட நீயே போய்ச் சொல்லணும். நானும் கூட வர்றேன். அதுக்கு முன்னாடி, அன்னைக்குக் கேக்க வந்தத இப்பக் கேளு. சிரிக்க மாட்டேன்."

அவன் எச்சில் விழுங்கினான்.

"நிறம் மாறும்போது... யாராவது பக்கத்துல நின்னு சொல்றீங்களா மேடம்?"