இடப்பக்கம் காட்டிய அம்பு

ஹேமந்த் வந்த நேரம் சொர்ணலதா வெந்நீர் வாளிக்குள் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மைசூர் என்.ஆர். மொஹல்லாவில் அவர் வீட்டு முன்னறைதான் அலுவலகம். காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்துகளை விசாரித்துச் சொல்வது தொழில். கவிழ்ந்த லாரிகளையும் எரிந்த கிடங்குகளையும் வருடக்கணக்காகப் பார்த்ததில், யார் பொய் சொன்னாலும் இப்போதெல்லாம் அவருக்குக் கோபம் வருவதில்லை. அசதிதான் வந்தது.

கோபமும் ஆர்வமும் எல்லாம் அவருடைய உதவியாளர் பழனிமுத்துவிடம் இருந்தன. ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றவர். சொர்ணலதாவைவிடப் பத்து வயது மூத்தவர். கதவைத் திறந்தவர், வந்தவனை உட்காரக்கூட விடாமல், “கொலைங்களா?” என்று கேட்டார்.

“ஐயோ, இல்லை சார். விபத்துதான்” என்றான் ஹேமந்த். முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

ஹேமந்த் ஒரு சுற்றுலா அலுவலகம் நடத்தி வந்தான். அடுத்த வருடம் வந்தால் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை விழுந்து இருநூறு வருடம். அந்தப் போரின்போது பாலாற்றுப் பக்கமிருந்து மலையேறி வந்த படைகளின் பாதையில் ஒரு நடைப்பயணம் நடத்த வேண்டும் என்பது அவன் கனவு. காட்டின் பெரும்பகுதிக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை. கொள்ளேகாலுக்கு அப்பால், மார்டள்ளிக்கு மேலே உள்ள ஒரு மலைப்பாதைக்கு மட்டும் கிடைத்திருந்தது.

“நாலு பேர் பாதை பார்க்கப் போனோம் மேடம். நான், காலேஜ்ல ஹிஸ்டரி சொல்லித்தர்ற வைஷாலி, போட்டோகிராபர் மதன், அப்புறம் வழிகாட்டி சென்னிமலை. அவர் மார்டள்ளிக்காரர். பாறையில சுண்ணாம்பால அம்புக்குறி போட்டுக்கிட்டே போனார். அன்னைக்குச் சாயங்காலமே நானும் வைஷாலியும் மைசூர் திரும்பிட்டோம். மதன் போட்டோ எடுக்கணும்னு தங்கினான். மறுநாள் திங்கக்கிழமை தனியா மேல போயிருக்கான். ஒரு இடத்துல பாதை ரெண்டாப் பிரியும். வலப்பக்கம் போனா ஊருக்கு இறங்கலாம். இடப்பக்கம் போனா கொஞ்ச தூரத்துல பாதையைத் தாங்கின பழைய கட்டுச்சுவர் சரிஞ்சு கிடக்கு, கீழே பள்ளம். அவன் இடப்பக்கம் போய் விழுந்துட்டான். இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கு.”

“ஏன் இடப்பக்கம் போனாராம்?”

“அம்பு அப்படித்தான் காட்டிச்சுன்னு சொல்றான். சென்னிமலை, நான் வலப்பக்கம்தான் போட்டேன்னு சத்தியம் பண்றார். நாலஞ்சு நாள் கழிச்சுப் போலீஸ் போய்ப் பார்த்தப்போ அம்பு வலப்பக்கம்தான் இருந்துது. தப்பாப் போட்டுட்டு அப்புறம் மாத்திட்டார்னு அவரைப் பிடிச்சு வெச்சிருக்காங்க. அவர் சம்சாரம் லிங்கம்மா என் ஆபீஸ் வாசல்ல வந்து உட்கார்ந்திருக்காங்க.”

“நீங்க திரும்ப அங்கே போனீங்களா?”

“எங்கே மேடம்? அந்த ஞாயித்துக்கிழமை போனதுதான். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரியே கதி.”

சொர்ணலதா வாளியிலிருந்து கால்களை எடுத்துத் துடைத்துக்கொண்டார். “என்கிட்ட என்ன எதிர்பார்க்கறீங்க?”

ஹேமந்த் கொஞ்சம் தயங்கினான். “யார் மேலயும் தப்பில்லை, மதன் ஏதோ ஞாபகத்துல கால் தவறிட்டான்னு நீங்க எழுதிக் கொடுத்தா, சென்னிமலையை விட்டுடுவாங்க. நீங்க ஏறிப் பார்க்கணும்னுகூட இல்லை. அந்த இடத்துக்கு முன்னாடி பெரிய வாகை மரம் ஒண்ணு குறுக்கே விழுந்து கிடக்கு, மேல ஏறித்தான் தாண்டணும். உங்க காலுக்கு பேடா மேடம், வேண்டாம்.”

“பார்க்காம எழுதி எனக்குப் பழக்கமில்லை” என்றார் சொர்ணலதா.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மதன் மல்லாந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டிலருகே வைஷாலி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் போதை இல்ல, தலையில அடியும் இல்ல” என்றான் மதன். “முதல் நாள் கேமராவிலயே கண்ணா இருந்தேன், வழியைக் கவனிக்கலை. அம்பை நம்பித்தான் போனேன், அது இடப்பக்கம் காட்டிச்சு. எத்தனை தடவை சொல்றது? சொல்லிச் சொல்லி ஸாகாயிடுச்சு மேடம், அலுத்துப்போச்சு.”

பழனிமுத்து வைஷாலி பக்கம் திரும்பினார். “அன்னைக்கு அந்த இடத்துல உங்களுக்கும் வழிகாட்டிக்கும் ஏதாவது வாக்குவாதமா?”

“ஆமாம். பீரங்கி வண்டி போன பாதை இடப்பக்கம்தான்னு நான் சொன்னேன். கட்டுச்சுவர் அதுக்காகத்தான் கட்டியிருக்காங்க. அவர், அந்தப் பக்கம் யாரும் போறதில்லைன்னு சொல்லி வலப்பக்கம் அம்பு போட்டார். நான் விட்டுட்டேன். காலெல்லாம் கொப்பளம். யாருக்குச் சண்டை போடத் தெம்பிருந்தது? நானும் சென்னிமலையும் மதனும் முன்னால இறங்கிட்டோம். ஹேமந்த் மெதுவா வந்தான்.”

வெளியே வந்ததும் பழனிமுத்துவுக்குத் தாங்கவில்லை. “அந்தப் பொண்ணுதாம்மா! தன் பேச்சு ஜெயிக்கணும்னு மாத்தியிருக்கா!”

“இருக்கலாம், பழனிமுத்தண்ணா. பஸ் எப்போன்னு பாருங்க.”

மறுநாள் லிங்கம்மாவையும் அழைத்துக்கொண்டு பஸ் மாறி மாறி மார்டள்ளி போய்ச் சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மலையேறும்போது லிங்கம்மா சொன்னாள்.

“எங்கூட்டுக்காரருதானுங்க அந்தப் பையன மேல தூக்கியாந்தாரு. தோள்ல போட்டுட்டு ரோடு வரைக்கும் வந்தாரு, அம்பைப் பாக்கற நேரமாங்க அது. இப்ப அவரே உள்ள இருக்காருங்க.”

வழியெங்கும் பாறைகளில் சுண்ணாம்பு அம்புகள் இருந்தன. எல்லாம் கரைந்து கீழ்நோக்கி வழிந்து, பால் சிந்தின தடம் போல மங்கியிருந்தன. சொர்ணலதா மூச்சு வாங்க நின்று நின்று நடந்தார். ஒரு திருப்பத்தில் வாகை மரம் ஒன்று வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக் கிடந்தது. பழனிமுத்து கைகொடுத்து அவரைத் தாண்டவைத்தார்.

“இது எப்போ விழுந்தது, லிங்கம்மா?”

“அந்தப் பையன ஆசுபத்திரிக்கு ஏத்திவிட்டமில்லீங்க, அன்னைக்குப் பொழுதோட ஒரு மழை அடிச்சுதுங்க. காத்துன்னா காத்து, எங்கூட்டு ஓடெல்லாம் பறந்துபோச்சு. அதுல சாஞ்சதுங்க.”

சொர்ணலதா மரத்தின் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டார். வலி என்று நினைத்து பழனிமுத்து தண்ணீர் நீட்டினார்.

பாதை பிரியும் பாறையில் அம்பு வலப்பக்கம் காட்டியது. மற்ற அம்புகள் போலில்லை. பளிச்சென்று, விளிம்பு கலையாமல் இருந்தது. சொர்ணலதா விரலை நனைத்துத் தேய்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. வழியில் பார்த்த அம்புகளோ தொட்டால் கையில் வந்தன.

“இது சுண்ணாம்பு இல்லை. பெயிண்ட். மழைக்கு அப்புறம் போட்டது.”

அந்தப் பாறையின் இடுக்கில் சென்னிமலை விட்டுப்போன சுண்ணாம்பு டப்பாவும் மட்டையும் கிடந்தன. டப்பா நிறைய மழைத் தண்ணீர்.

“அப்போ மதன் சொன்னதும் நிஜம், சென்னிமலை சொன்னதும் நிஜமா?” என்றார் பழனிமுத்து.

“ரெண்டு பேரும் நிஜம் சொன்னா, நடுவுல மூணாவது ஆள் ஒருத்தர் இருக்கணும்.”

“யாரும்மா?”

“மைசூர் போய்ச் சொல்றேன். இப்போ என்னைக் கீழே இறக்கிக் கொண்டுபோங்க, போதும்.”

அடுத்த நாள் காலை மதனின் கட்டிலைச் சுற்றி ஹேமந்தும் வைஷாலியும் லிங்கம்மாவும் நின்றார்கள். அங்கிருந்த ஒரே ஸ்டூலில் சொர்ணலதா உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தவில்லை.

“வைஷாலி, நீங்க போனப்போ பாதை எப்படி இருந்துது? பிரியற இடம் வரைக்கும் வயசானவங்க நடக்க முடியுமா?”

“ஆராமா நடக்கலாம் மேடம். அதுவரைக்கும் நல்ல அகலம்.”

“குறுக்கே ஏறித் தாண்டற மாதிரி ஏதாவது?”

“ஒண்ணும் இல்லையே. என்ன இருக்கு?”

“மதன், உங்களுக்கு?”

“இல்லை மேடம். திங்கக்கிழமை போறப்பவும் ஒண்ணும் இல்லை.”

சொர்ணலதா ஹேமந்தைப் பார்த்தார். “உங்களுக்கு மட்டும் அங்கே ஒரு வாகை மரம் விழுந்து கிடக்கறது தெரிஞ்சிருக்கு. அது மதன் விழுந்த அன்னைக்குச் சாயங்கால மழையில சாய்ஞ்சது. ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் நீங்க போகவே இல்லைன்னும் சொன்னீங்க.”

“யாரோ சொன்னாங்க மேடம்.”

“யாரு?”

ஹேமந்த் லிங்கம்மாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். “நான் எதுவுஞ் சொல்லலீங்க. ஓடு பறந்ததக்கூட உங்ககிட்டச் சொல்லலியே.”

“எனக்கு அந்த மரத்துக்கு முன்னாடியே ஒரு உறுத்தல்” என்றார் சொர்ணலதா. “என்கிட்ட வர்றவங்க யார் செஞ்சான்னு கண்டுபிடிக்கச் சொல்வாங்க. நீங்க யாருமே செய்யலைன்னு எழுதச் சொன்னீங்க. அன்னைக்கு மத்தவங்க இறங்கினப்புறம் கடைசியா அந்தப் பாறைகிட்ட தனியா இருந்தவர் நீங்க. ஈரச் சுண்ணாம்பைத் துடைச்சுட்டு, டப்பா அங்கேயே இருந்ததால, இடப்பக்கம் திருப்பிப் போட்டீங்க. மதன் விழுந்தப்புறம் ஒருநாள் போய்த் திரும்ப வலப்பக்கம் மாத்தினீங்க. டப்பாவுல மழைத் தண்ணி நிறைஞ்சிருக்கும்னு நினைச்சுக் கையோட பெயிண்ட் எடுத்துட்டுப் போயிருக்கீங்க. சென்னிமலை மாத்தியிருந்தா அவர் வீட்டுல இருக்கற சுண்ணாம்புல மாத்தியிருப்பார்.”

ஹேமந்த் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

“வைஷாலி சொன்னது சரின்னு தோணிச்சு. பீரங்கி போன பாதையை விட்டுட்டு ஆட்டுப் பாதையில கூட்டிட்டுப் போனா அது என்ன பயணம்? காலையில வந்து நானே நடந்து பார்த்துடலாம்னுதான் இருந்தேன். வேற எண்ணமே இல்லை. ராத்திரி மைசூர் வந்து படுத்தவன் எழுந்திரிக்கவே இல்லை. ஒரு வருஷமா இதுக்காக அலைஞ்சு அலைஞ்சு உடம்பு விட்டுப்போச்சு. மதன் அத்தனை சீக்கிரம் அங்கே போவான்னு நினைக்கலை.”

“நான் சொன்னது சரிதான்” என்றாள் வைஷாலி மெல்ல. “பாதை அதுதான். ஆனா அது இப்போ அங்கே இல்லை. நடந்து பார்க்காம எப்படி ஹேமந்த்?”

மதன் கூரையிலிருந்து பார்வையை இறக்கினான். “நான் விழுந்துட்டேன்னு போன் வந்தப்பவே, எதனாலன்னு உனக்குத் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“இத்தனை நாள் பக்கத்துல உட்கார்ந்து கஞ்சி ஊத்தினியே.”

மதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாததால் கழுத்து மட்டுந்தான் திரும்பியது.

அழுவாள், சபிப்பாள் என்று பழனிமுத்து எதிர்பார்த்த லிங்கம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அப்ப எங்கூட்டுக்காரர எப்பங்க உடுவாங்க?”

“இவர் போய்ச் சொன்னதும்” என்று சொர்ணலதா எழுந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஹேமந்தின் வேன் நின்றது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நகரவில்லை. “நாளைக்குக் காலையில போகலாமா மேடம்? தூங்கி எத்தனையோ நாளாச்சு.”

“சாவியை பழனிமுத்தண்ணாகிட்ட குடுங்க. அவர் ஓட்டட்டும்” என்றார் சொர்ணலதா. “நீங்க பின்னால உட்காருங்க. நாளைக்குன்னு தள்ளிப்போட்டது போதும்.”

வேன் கொள்ளேகால் தாண்டிப் போயிற்று. காவல் நிலையத்தில் ஹேமந்த் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னான். ஆய்வாளர் கேள்வி கேட்டுக் கேட்டு எழுதினார். வெயில் சாய்ந்த பிறகு சென்னிமலை வெளியே வந்தார். குள்ளமான, தாடி வளர்ந்த மனிதர். மனைவி கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹேமந்தின் முன்னால் வந்து நின்றார்.

ஹேமந்த் எழுந்தான். அடிப்பார் என்று நினைத்திருப்பான் போல, ஆனால் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை.

“ஏனுங்க தம்பி, அந்தச் செவுரு என்ற கண்ணு முன்னால சரிஞ்சதுங்க” என்றார் சென்னிமலை. “என்ற தம்பி உசுரு அதுலதான் போச்சு. அதனாலதான் அந்தப் பக்கம் யாரும் போறதில்லீன்னு சொன்னேன். ஏன்னு அன்னைக்கு நீங்க ஒருத்தருமே கேக்கலியே.”

உள்ளேயிருந்து ஆய்வாளர் ஹேமந்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் உடனே போகவில்லை. சென்னிமலையும் லிங்கம்மாவும் சாலையைக் கடந்து பஸ்ஸுக்காகப் போய் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனான்.