மூன்றாவது எண்

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்த தாள்களில் விடைகள் எல்லாம் சரியாக இருந்தன. சங்கடமே அங்கேதான் தொடங்கியது. கடைசிப் பக்கத்து வரிகளுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுதி அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது எண் கொடுக்கப்படவில்லை, விடை எப்படி வந்தது?

அமலராணி அதைப் படித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தாள். வெளியே விடாத மழை. அந்தப் பழைய ஓட்டு வீட்டின் சுவர்கள் ஊறிப்போய், மண்ணெண்ணெயும் மக்கிய காகிதமும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாடை அறைக்குள் அசையாமல் நின்றது. காலையில் எழும்போதே இருக்கும் அலுப்பு ராத்திரி படுக்கும் வரை இறங்காத நாட்கள் அவை. இதில் இந்தக் கேள்வி வேறு.

புதுக்கோட்டையில் அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்துக் கண்மாய்களுக்கான ஒரு சின்ன சர்க்கார் அலுவலகம் நடத்தினார்கள். அதில் அமலராணி தற்காலிகக் கம்ப்யூட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கணக்குப் போடும் ஆளைத்தான் அப்படிச் சொல்வார்கள். சர்க்கார் கொடுத்த பெயர், மறுப்பதற்கு இல்லை. அவளுக்கு முன்னால் கைப்பிடி வைத்த கணக்கு மிஷின். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஆத்மநாதன் சார் உட்கார்ந்து எண்களைச் சொல்வார், இந்தப் பக்கம் இவள் கைப்பிடியைச் சுற்றி விடையைச் சொல்வாள், அவர் எழுதிக்கொள்வார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே மாதங்கள் ஓடிவிட்டன.

திருமயம் பக்கத்தில் மேல்கண்மாய், அதற்குக் கீழே கீழ்க்கண்மாய். போன வருஷத்து ஐப்பசி மழையில் மேல்கண்மாய்க் கரை உடைந்தது. அப்போது கீழ்க்கண்மாயில் தண்ணீர் எந்த வேகத்தில் ஏறியது என்பதுதான் கணக்கு. அந்த வேகம் அதில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரைப் பொறுத்தும், மேலேயிருந்து வரும் தண்ணீரைப் பொறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே வெள்ளத்தை அரை மணி அரை மணியாக நறுக்கி, ஒரு துண்டுக்குக் கிடைத்த விடையை அடுத்த துண்டுக்குள் போட்டு நகர வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மூன்று எண் வேண்டும்: நேரம், கீழ்க்கண்மாய் மட்டம், மேல்கண்மாயில் நட்ட அளவுகோலில் தண்ணீர் நின்ற உயரம். மூன்றும் காதில் விழாமல் கைப்பிடியைத் தொடக்கூடாது. விழாவிட்டால், ‘மூணாவது?’ என்று கேட்க வேண்டும். இதுதான் அங்கே சட்டம்.

அந்த அளவுகோலைப் பார்த்து உயரம் குறித்துக்கொண்டிருந்தவர் சந்தனராஜ். அமலராணியின் புருஷன். கரை உடைந்தபோது கோலும் போனது, அவரும் போனார். கோல் மட்டும் ஒரு கருவேலங்காட்டில் கிடைத்தது. உடைப்புக்குப் பிறகான வரிகளில் மூன்றாவது எண்ணுக்கான இடம் வெறுமையாக இருப்பது அதனால்தான். இந்தக் கணக்கை இந்தப் பெண்ணிடமா கொடுப்பது என்று அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

போன வாரம் கல்லறைத் திருநாள். ஆவூர்க் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருக்க, இவள் ஏற்றாத திரியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றாள். அவருக்காக ஒரு பூசை வைக்கக் கேட்கப் போனால் பங்குச் சாமியார் தயக்கத்தோடு, “உயிரோட இருக்கவருக்கா, எறந்தவருக்காம்மா?” என்று கேட்டார். இருக்கிறாரா, இல்லையா. ஒரு வருஷமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது அது ஒன்றுதான். ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும், அழுதாவது தீர்க்கலாம் என்றிருந்தது.

“மிஷினுல பழைய நம்பர் நின்னுபோயிருக்குங்க,” என்று தடுப்பைச் சுற்றி வந்தார் ஆத்மநாதன். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர், மூட்டுவலி, எதையும் சீக்கிரம் முடித்தால் போதும் அவருக்கு. “தொடைக்காம விட்டிருப்பீங்க. முந்துன வரி நம்பரையே எடுத்துக்கிட்டு சுத்தியிருக்கும். இதான், வேற என்ன?”

“அப்படித்தான் இருக்கும் சார்.”

அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள். விடையிலிருந்து பின்னோக்கிப் போட்டுப் பார்த்தால் எந்த எண் உள்ளே போனது என்று தெரிந்துவிடும். இருவரும் உட்கார்ந்து போட்டார்கள். பழைய எண் என்றால் எல்லா வரியிலும் ஒரே எண் வர வேண்டும். வரவில்லை. பதின்மூன்று. அடுத்த வரியில் பதினாலு. அதற்கடுத்துப் பதினாலரை. யாரோ அரை மணிக்கு ஒருமுறை நிதானமாகப் பார்த்துச் சொன்னது போல.

ஆத்மநாதன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “பன்னெண்டு அடிக் கோலுல பதினாலு அடி எப்படிம்மா பாக்குறது? அதுவும் கோலே போனதுக்கப்புறம்?”

“நீங்கதான் சார் சொன்னீங்க. மூணும் காதுல விழுந்துச்சு.”

“நான் ரெண்டோட நிறுத்திட்டேன். நீங்க மூணாவதுன்னு கேப்பீங்க, இல்லைன்னு சொல்லிறலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல. சுத்துற சத்தம் வந்துச்சு, விடையும் வந்துச்சு. வேலை ஓடுதுன்னு நானும் எழுதிட்டேன்.” சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். “இன்னும் போடாத அடுத்த வரியைப் போட்டுப் பாத்துருவோமா?”

அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். நாற்காலி முனகியது. அமலராணி மிஷினைத் துடைத்து எல்லாக் கட்டத்திலும் சுழியம் இருப்பதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மழை இருட்டில் அறைக்குள் இப்போதே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. சிம்னியின் நிழல் சுவரில் மெல்ல ஆடியது.

நேரத்தைச் சொன்னார். மட்டத்தைச் சொன்னார். நிறுத்தினார். ஓட்டில் மழை. முற்றத்தில் தகரக் குழாய் வழியே தண்ணீர் கொட்டும் சத்தம்.

“பதினஞ்சு.”

அவள் கை கைப்பிடியைச் சுற்றிவிட்டது. சுற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. அது ஆத்மநாதனின் குரல் அல்ல. வெறுமையாக இருந்த அந்த வரிகளில் ஒருமுறைகூட அது அவர் குரலாக இருந்ததில்லை. காதுக்கு அவ்வளவு பழகிய குரல் என்பதால் யார் என்று கேட்கத் தோன்றாமலே இருந்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவும்போதும் அன்றைய உயரத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கழுவும் சந்தனராஜின் குரல்.

தடுப்பின் ஓரத்தில் ஆத்மநாதனின் முகம் தெரிந்தது. வெளிறிப் போயிருந்தது. “நான் மூணாவது சொல்லவே இல்லையேம்மா.”

“உங்க பக்கம் யாராச்சும்...”

“யாருமில்ல. எனக்கு ஒண்ணும் கேக்கல. சுத்துறதுதான் கேட்டுச்சு.” குடையைத் தேடினார், கைக்கு எதிரிலேயே இருந்த குடை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. “கெளம்புங்க. அந்த வரியெல்லாம் அடிச்சுப்புட்டு, எண் கிடைக்கலைன்னு எழுதிருவோம். நான் திருமயம் பஸ்ஸப் புடிக்கணும். இங்கிட்டு இருக்காதீங்க.”

“நீங்க போங்க சார். நான் மூடிட்டு வாரேன்.”

அவர் போனார். வாசல் கதவு காற்றில் ஒருமுறை அடித்துக்கொண்டது. அவள் எழுந்திருக்கவில்லை. பயம் இல்லாமலில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. சாமியாரிடம் இல்லாத பதில். போலீசிடம் இல்லாத பதில்.

அந்தக் கணக்கில் அடுத்த வரியின் நேரத்தை அவளே வாய்விட்டுச் சொன்னாள். மட்டத்தைச் சொன்னாள். காத்திருந்தாள்.

“பதினாலு,” என்றது தடுப்புக்கு அந்தப் பக்கம்.

சுற்றினாள். விடையைச் சொன்னாள். அடுத்த வரி.

“பத்தரை.”

குறைகிறது. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இது கோலில் பார்த்த உயரம் இல்லை. கோல்தான் போய்விட்டதே. அடியில் கிடந்து அண்ணாந்து பார்க்கிற ஒருவர், தனக்கு மேலே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனாலும் குறைகிறதே? மேலே வருகிறாரே?

“ஏங்க,” என்றாள். கணக்குக்கு மட்டுமே பதில்.

நேரம். மட்டம்.

“ஏழு.”

இப்போது அவள் வேகமாகச் சுற்றினாள். மணிக்கட்டு வலித்தது. ஒரு வருஷத்து அலுப்பும் அந்தக் கைப்பிடியில் இறங்கியது போல இருந்தது. மாதாவே, மேலே வரட்டும். எங்கேயாவது கரையேறி, எந்த ஊரிலாவது புத்தி தெளியாமல் கிடந்து, இன்றைக்குத்தான் வழி தெரிந்து வருகிறார் என்றே இருக்கட்டும்.

“நாலு.”

“ஒண்ணரை.”

“அரை.”

அழுதுகொண்டே சுற்றினாள்.

“சைபர்.”

வெளியே வந்துவிட்டார். தண்ணீருக்கு வெளியே. அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. தகரக் குழாயில் சொட்டுச் சத்தம்கூட இல்லை. ஆனால் எங்கேயோ சொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரே ஒரு வரி.

“மைனஸ் ஒண்ணு.”

சுற்றினாள். மிஷினுக்குள் மணி அடித்தது. சுழியத்துக்குக் கீழே போனால் அது அடிக்கும். கட்டங்களெல்லாம் ஒன்பதாக நிறைந்துவிடும். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. அவள் துடைத்தாள்.

அடுத்த வரியை அவள் சொல்லவில்லை. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நேரத்தைச் சொன்னது அது. மட்டத்தையும் அதுவே சொன்னது.

“மைனஸ் மூணு.”

கை நிற்கவில்லை. மணி. ஒன்பதுகள்.

சேற்று வாடை. அழுகிய பாசியின் வாடை. விளக்கு அணையாமலே மங்கியது.

“மைனஸ் அஞ்சரை.”

அஞ்சரை அடி, சந்தனராஜின் உயரம் அது; தண்ணீர் இப்போது அவர் காலடியில். நிமிர்ந்து நிற்கிறார். குரல் இப்போது தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வரவில்லை.

அவள் திரும்பவில்லை. மிஷினையே பார்த்தாள். கட்டங்களின் கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. தோளுக்கு மேலாக யாரோ எட்டிப் பார்க்கும்போது விழுகிற மாதிரி.

“விடை?”

கேட்ட மூச்சில் சூடு இல்லை. குளிரும் இல்லை.

“விடை சொல்லு, ராணி.”

வீட்டில் கூப்பிடும் பெயர். அதற்குமேல் அவளால் முடியவில்லை. தலையைத் தூக்கினாள்.

முகம் மிக அருகில் இருந்தது. அவருடைய முகம்தான். மூக்கு, காதோரத் தழும்பு எல்லாம் அவருடையதுதான். கண்கள் இருக்க வேண்டிய இரண்டு குழிகளிலும் தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து நின்றது. குனிந்திருந்தும் அது வழியவில்லை. கட்டங்களில் இருந்த ஒன்பதுகள் அந்தத் தண்ணீரில் சின்னச் சின்னதாய், வரிசையாய்த் தெரிந்தன.

அவள் விடையைச் சொன்னாள்.

“சரி,” என்றது அது. வாயைத் திறந்ததும் கலங்கல் தண்ணீர் அவள் மடியில் கொட்டியது. நீலம் பாய்ந்த ஒரு கை வந்து, கைப்பிடியில் இருந்த அவள் கையின்மேல் அமர்ந்தது.

“அடுத்த வரி.”