அருவி போட்ட மூக்குக்கண்ணாடி

இன்று மாலைக்குள் அருவி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அழித்துவிடுவார்கள்.

அழிப்பது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். அருவி போய்விடும். அதற்குப் பின்னால் இருக்கிற சின்ன வீடும், அந்த வீட்டு ஜன்னலில் எரிகிற விளக்கும் கூடவே போய்விடும்.

அந்த வீடு சோடாபுட்டியின் வீடு.

சோடாபுட்டி என்பது வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர். வைத்தவன் கடைசி பெஞ்சு நெட்டையன். அவளுடைய கண்ணாடி அவ்வளவு தடிமன். அவளும் சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். பெயர் என்னவோ பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

ஆனால் நெட்டையனுக்குத் தெரியாத ரகசியம் ஒன்று அவளிடம் இருந்தது.

காலையில் கண் விழித்ததும் அவள் கண்ணாடியைத் தேட மாட்டாள். அப்படியே படுத்திருப்பாள். தூக்கத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓர் ஊர் இருந்தது. அங்கே தெருவிளக்கு ஒரு பெரிய மஞ்சள் பூ. கொடியில் காயும் சட்டைகள் தோளோடு தோள் உரசி ஊர்வம்பு பேசும். ஒருநாள் ஜன்னல் திரை அருவியாகிவிட்டது. அருவிக்குப் பின்னால், எதிர்வீட்டு வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. யாரோ விளக்கேற்றி வைத்துவிட்டு, இவள் வரட்டும் என்று காத்திருப்பதைப்போல.

இதை அவள் சித்தியிடம் மட்டும்தான் சொன்னாள். சித்தி சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்தாள்.

சித்திக்கு வேலையே வீடியோ கேமுக்குப் படம் வரைவதுதான். சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. அதில் மூன்று பேர். கேமை இயங்க வைக்கிற புரோகிராம் மாமா, சத்தங்களைச் சேர்க்கிற சத்தக்கார அண்ணன், அப்புறம் சித்தி. பள்ளி விட்டதும், இன்றைப்போல் விடுமுறை என்றால் காலையிலேயே, சோடாபுட்டியும் அங்கே வந்துவிடுவாள். அம்மா வேலை முடிந்து வந்து அழைத்துப்போகும்வரை, ஜன்னலோர முக்காலிதான் அவளுடைய ராஜ்ஜியம்.

மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் கேமில் எந்தக் காலத்துப் படம் அழகு என்று பேச்சு வந்தால் போதும், எலியும் பூனையும் ஆகிவிடுவார்கள்.

சித்திக்குப் பிடித்தது கட்டம் கட்டமாகப் படம் இருந்த காலம். முகத்துக்கு மூக்கு வைத்தால் வாய்க்கு இடம் இருக்காது. மீதியை ஆடுகிறவர் மனசு வரைந்துகொள்ளும் என்பாள். மாமாவுக்கு அதற்கு அடுத்த காலம். ஆட்கள் எல்லாம் அட்டையை மடித்து ஒட்டியதுபோல் மூலைமூலையாக இருப்பார்கள். தூரத்தில் இருப்பதை வரைய அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு போதாது என்று, பனியைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்தப் பனிக்குள் என்ன இருக்கும் என்று யோசித்தே தன் தலைமுடி போய்விட்டதாக மாமா சொல்வார். சத்தக்கார அண்ணனுக்கோ இந்தக் காலம்தான். சாலையில் தேங்கிய தண்ணீரில் மேகம் தெரிய வேண்டும், மேகத்தில் காற்று தெரிய வேண்டும்.

இந்த முறை சித்தி வென்றிருந்தாள். கேம் முழுக்கக் கட்டப் படம். ஒரு சிறுமி தன் வீட்டைத் தேடி ஆற்றோடு படகில் போகிறாள். கடைசியில் பாதையை மறிக்கிறது அருவி. அருவிக்குப் பின்னால் விளக்கு வெளிச்சம் தெரியும். அது தெரிந்தால்தான் உள்ளே வழி இருக்கிறது என்று ஆடுகிறவருக்குப் புரியும்.

நாளைக் காலை கேம் கண்காட்சி. அதற்காக வாங்கிய பெரிய தட்டை டிவியில் இன்று முதல்முறையாகப் போட்டுப் பார்த்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

அருவி ஓடவில்லை. நெட்டநெடுகக் கோடு கோடாக நின்றது.

"என்னம்மா இது, ஜெயில் கம்பியா?" என்றார் மாமா.

"வரிக்குதிரை குளிக்கப் போயிருக்கு" என்றான் அண்ணன்.

சித்தியின் முகம் சுண்டிப்போனது. நடந்தது இதுதான். அவள் எப்போதும் தொந்தி தள்ளிய ஒரு பழைய டிவியில் பார்த்துத்தான் வரைவாள். ஒரு கோடு தண்ணீர், அடுத்த கோடு வெறுமை, மறுபடி தண்ணீர். பழைய டிவியில் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். புது டிவிக்கு அந்தத் தயவு தாட்சண்யம் கிடையாது. உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டது. சித்தியோ புது டிவியில் ஒருதடவைகூடப் பார்த்திருக்கவில்லை.

பழைய டிவியையே கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று சோடாபுட்டி கேட்டாள்.

"தூக்கலாம், குட்டிமா. ஆனா விளையாடுறவங்க வீட்ல எல்லாம் புது டிவிதானே இருக்கு" என்றாள் சித்தி.

மதியம் முழுக்கச் சித்தி மாற்றி மாற்றி வரைந்தாள். கோட்டை எடுத்தால் தண்ணீர் சுவராகிவிட்டது, விளக்கு மறைந்தது. கோட்டைக் குறைத்தால் சீப்பு மாதிரி ஆனது. வெளியே வெயில் சாய்ந்தது. கடைசியில் மாமாதான் வாயைத் திறந்தார். ஆற்றங்கரையோடு கேமை முடித்துக்கொள்ளலாம், அருவியும் வேண்டாம் வீடும் வேண்டாம் என்றார். அவருக்கும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

சித்தி சரி என்று தலையசைத்தாள்.

படகில் இவ்வளவு தூரம் வந்த சிறுமி இனி எங்கே போவாள்? அழுகையை மறைக்கச் சோடாபுட்டி தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைக் கவிழ்த்தாள். ஆவி பட்டுக் கண்ணாடி மூடிக்கொண்டது. கழற்றித் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

அருவி ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளியாக, சோம்பலாக, மேலிருந்து கீழே. அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு மஞ்சள் ஜன்னல்.

கண்ணாடியை மாட்டினாள். கம்பி. கழற்றினாள். அருவி.

மாமாவின் விரல் பொத்தானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. சோடாபுட்டி முக்காலியிலிருந்து குதித்து, ஓடிப்போய், தன் கண்ணாடியை மாமாவின் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"ஏய், என்ன இது? தலை சுத்துது."

"டிவியைப் பாருங்க, மாமா."

மாமா பார்த்தார். அவருடைய நல்ல கண்ணுக்கு அந்தத் தடித்த கண்ணாடி உலகத்தையே சுருக்கிக் கலக்கிக் காட்டியது. வாய் மெல்லத் திறந்தது.

"தண்ணி ஓடுது" என்றார், யாரையோ எழுப்பிவிடுவோமோ என்று பயந்தவர்போல.

அண்ணன் பிடுங்கி மாட்டிக்கொண்டான். அவனிடமிருந்து சித்தி வாங்கினாள். கண்ணாடி கைமாறக் கைமாற, சோடாபுட்டிக்கு அந்த அறை முழுக்க அவளுடைய காலை நேரத்து ஊராகிவிட்டது. நீல மேகம் மாமா. பச்சை மேகம் அண்ணன். சிவப்பு மேகம் மட்டும் மூக்கை உறிஞ்சியது. சித்திதான்.

"இந்த டிவி ரொம்பக் கூரா பாக்குது, மாமா. கண்ணாடி போட்டுக்கிட்ட மாதிரி. அதைக் கழட்டிவிட முடியாதா?"

மாமா மொட்டைத் தலையைத் தடவினார். ஒவ்வொரு கோட்டின் நிறத்தையும் பக்கத்துக் கோட்டில் கொஞ்சம் கசியவிட்டால் போதும். அதற்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதிவிடலாம். பனி போட்டு மூடிய காலத்து ஆளுக்கு இது என்ன பிரமாதம் என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அருவியின் சத்தத்தைக் குறைத்து, காதில் ரகசியம் சொல்வதுபோல் ஆக்கினான். அம்மா மாடிப்படி ஏறி வந்தபோது, தட்டை டிவியில் அருவி இழைந்து ஓடியது. யாருக்கும் கண்ணாடி தேவைப்படவில்லை.

எல்லாருக்கும் மங்கல் பிடிக்காது, சிலர் கூர்மைதான் வேண்டும் என்பார்கள் என்று அண்ணன் சொன்னான். அதனால் திரையின் மூலையில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் மங்கும், மறுபடி அழுத்தினால் தெளியும். அதற்கு என்ன பெயர் வைப்பது?

வகுப்பில் ஒட்டிக்கொண்ட அந்தப் பெயரையே வைக்கலாமா என்று சித்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். சோடாபுட்டி கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"வைங்க. ஆனா அதை அழுத்தினாத்தான் வீடு தெரியணும்."

"அதிருக்கட்டும், உனக்கு எந்தக் காலத்துப் படம் பிடிக்கும்? இன்னிக்குச் சொல்லியே ஆகணும்" என்று மடக்கினார் மாமா.

"கண்ணாடியக் கழட்டின காலம்" என்றாள் அவள்.

கண்காட்சியில் கூட்டம் நெரிந்தது. சித்தியின் மேசைக்கு வந்து உட்கார்ந்த முதல் சிலரிலேயே ஒரு நெட்டைத் தலை. அதே நெட்டையன். ஆற்றில் படகை அழகாக ஓட்டிக்கொண்டு வந்தான். கோடுகளுக்கு முன்னால் வந்ததும் திகைத்து நின்றான். இடிக்கப் பார்த்தான், தாண்டப் பார்த்தான். முடியவில்லை. திரும்பினால் பக்கத்தில் சோடாபுட்டி.

"இங்க என்ன பண்ணணும்?"

"மூலையில பொத்தான் இருக்கு. படிச்சுப் பாரு."

அவன் படித்தான். காது மடல் இரண்டும் சிவந்தன. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். அப்புறம் அழுத்தினான்.

கம்பிகள் கரைந்தன. அருவி ஓடியது. ஜன்னலில் விளக்கு எரிந்தது.

நெட்டையன் திரையை நோக்கிக் குனிந்தான்.

"உள்ள யாரு இருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போய்ப் பாரு."

அவன் படகை அருவிக்குள் செலுத்தினான். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கூடம் நிறைய இருந்த திரைகள் எல்லாம் பூப்பூவாக மலர்ந்தன. அத்தனை பூக்களுக்கும் நடுவே, மிக அருகில், ஒரு மஞ்சள் ஜன்னல் அவளுக்காக ஒளிர்ந்துகொண்டிருந்தது.